கூரை முதலில் ஏறணும், கடைசியில் இறங்கணும்
வாசகர் கேள்வி–பதில்: மழைநாளில் ஹேமாக்

மரங்களுக்கு இடையே கட்டிப் படுக்கும் துணித்தூளியான ஹேமாக்கைப் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி மழையைப் பற்றியவை. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறோம். ஒரு சொல்லை மட்டும் முன்னதாகத் தெளிவுபடுத்திவிடலாம். இந்தப் பக்கத்தில் ‘தார்ப்பாய்’ என்பது லாரி மேல் போர்த்தும் கனத்த பாய் இல்லை. சிலிக்கான் பூசிய நைலானிலோ பாலியெஸ்டரிலோ தைத்த, கிட்டத்தட்ட அரைக் கிலோ எடையுள்ள மெல்லிய கூரைத் துணி.

கேள்வி: தார்ப்பாயில் ஓட்டை இல்லை, தையலும் சரியாக இருக்கிறது. ஆனாலும் நள்ளிரவில் தலைமாடு ஈரமாகிவிடுகிறது. தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

ஹேமாக்கை மரத்தோடு கட்டிய நாடாப் பட்டை வழியாகத்தான். மழை வலுத்தால் அடிமரத்தில் தண்ணீர் தாரையாக வழியும். மரத்தைச் சுற்றியிருக்கும் பட்டை அதில் ஊறிப்போகும். பட்டை ஹேமாக்கை நோக்கிச் சரிந்துதானே இருக்கிறது? ஊறிய தண்ணீருக்கு அது ஒரு வாய்க்கால்.

டார்ச் அடித்து ஒரே ஒரு சொட்டைப் பின்தொடர்ந்து பாருங்கள். பட்டையின் கீழ் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகரும். கொஞ்சம் பெருத்து, இதோ விழப்போகிறது என்பது போலத் தொங்கும், ஆனால் விழாது. பின்னால் வரும் சொட்டோடு சேர்ந்துகொண்டு மறுபடி நடக்கும். ஹேமாக் துணியைச் சுருக்கிக் கட்டிய நுனிக்கு வந்ததும் துணி அதைக் குடித்துவிடும். பிறகு தலையணைப் பக்கம் ஈரமாவதற்கு அதிக நேரம் பிடிக்காது.

இதற்கு மருந்து ஒரு பழைய ஷூ லேஸ். பாலியெஸ்டர் லேஸ் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, அதனால் பருத்தி லேஸாகப் பார்த்து எடுங்கள். தடித்த பருத்தி நூலும் போதும். 25 செ.மீ. துண்டை எடுத்துப் பட்டையின் மேல் இறுக்கிக் கட்டி, மிச்சத்தைக் குறைந்தது 10 செ.மீ. தொங்க விடுங்கள். பட்டையில் வரும் தண்ணீர் நூலில் இறங்கித் தரையில் சொட்டிவிடும்.

கட்டும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மரத்தை ஒட்டிக் கட்டினால் பயனில்லை. நூலுக்கும் ஹேமாக்குக்கும் இடையே உள்ள பட்டையில் மழை நேராக விழுந்தால் அந்தத் தண்ணீரை யார் தடுப்பது? நூல் தார்ப்பாய் விளிம்புக்கு உள்ளே, ஹேமாக் நுனிக்கு ஒரு சாண் முன்னால் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் வேண்டும். நடுவில் காராபைனர் என்ற கொக்கியோ இரும்பு வளையமோ இருந்தால் பெரும்பாலான நீர் அங்கேயே சொட்டிவிடும் என்பது உண்மை. அதை நம்பி நூலை விட்டுவிட வேண்டாம்.

தார்ப்பாயின் உச்சியைத் தாங்கும் முகட்டுக் கயிற்றையும் மறக்கக் கூடாது. ஒரே கயிறு மரத்துக்கு மரம் போய், தார்ப்பாய்க்கு அடியில் ஓடுகிறது என்றால், அதுவும் வெளியிலிருந்து தண்ணீரை உள்ளே கூட்டி வரும். விளிம்பைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் அதிலும் ஒரு நூல் கட்டுங்கள். இரு முனைக்கும் தனித்தனிக் கயிறு கட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. முனை வளையத்தோடு தண்ணீர் நின்றுவிடும்.

கட்டி முடித்ததும் மரத்தோரம் பட்டை மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். நூலைத் தாண்டி ஒரு சொட்டும் வரக் கூடாது.

கேள்வி: முகாமிடும் இடத்துக்குப் போய்ச் சேரும்போதே மழை கொட்டுகிறது. எதை முதலில் எடுப்பது, எதை எப்போது கட்டுவது?

இதற்கான விடை வீட்டில் பை அடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. தார்ப்பாய், முளைகள், மரத்தில் சுற்றும் பட்டைகள் ஆகிய மூன்றும் பையின் வெளிப்பக்கப் பாக்கெட்டில் இருக்க வேண்டும். எப்படியும் நனையப் போகிற பொருள்கள் இவை. இவற்றை எடுப்பதற்காகப் பையின் வாயைத் திறக்க நேர்ந்தால், அடுக்கியது தவறு என்று பொருள்.

பையை மூடியபடியே ஒரு மரத்தோரம் சாய்த்து வைத்துவிட்டு மரங்களைத் தேர்ந்தெடுங்கள். இடைவெளி 4 முதல் 5 மீட்டர்; சாதாரண நடையில் ஆறு எட்டு வைத்தால் ஏறக்குறைய 4.5 மீட்டர். அடிமரம் உங்கள் தொடையைவிடப் பருமனாக இருப்பது நல்லது. எந்தத் திசையிலிருந்து காற்று வருகிறது என்றும் பாருங்கள். ஹேமாக்கின் நீளம் காற்றுக்குக் குறுக்கே அமைய வேண்டும். அப்போதுதான் தார்ப்பாயின் சரிவுப் பக்கம் காற்றைத் தாங்கும். கதவு மடிப்புகள் இல்லாத தார்ப்பாயின் திறந்த முனை காற்றைப் பார்த்திருந்தால், சாரல் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரே ஓட்டமாக ஓடிவிடும்.

முதல் மரத்தில் முகட்டுக் கயிற்றைக் கட்டும்போதே, அதற்குக் கீழே ஹேமாக் பட்டையையும் சுற்றிவிடுங்கள். தார்ப்பாய் மரம் வரை எட்டாது. பட்டையைப் பிறகு கட்டலாம் என்று விட்டால் அதற்காக மறுபடி மழையில் இறங்க வேண்டிவரும். இரண்டாவது மரத்திலும் இப்படியே. முகட்டுக் கயிறு இரு முனையிலும் இறுகியதும் தார்ப்பாய் நடுவில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். முகட்டின் மையத்தில் ஒரு நிற நூலைத் தைத்து வைத்திருந்தால் இது நொடியில் முடியும். அதன் பிறகு காற்று வரும் பக்கத்து மூலைகளை முளையடித்து, எதிர்ப்பக்கத்துக்குப் போங்கள். மாற்றிச் செய்தால் துணி கப்பல் பாய் போல உப்பி, கையிலிருந்து பறிக்கும்.

இப்போது பையைக் கூரைக்கு அடியில் கொண்டுவந்து திறக்கலாம். மழைக்கோட்டைக் கழற்றாதீர்கள், ஈரக் கையோடு உலர்ந்த பொருளைத் தொடுவதற்கு முன் கையைத் துடைக்க ஒரு சிறு துணியை மேலாக வைத்திருங்கள். ஹேமாக்கை இரண்டு பக்கமும் வாயுள்ள பையில் வைத்திருப்பவர்கள் ஒரு நுனியை உருவி முதல் பட்டையில் மாட்டி, பையை இழுத்துக்கொண்டே நடந்து, மறு நுனியை அடுத்த பட்டையில் மாட்டினால் துணி தரையைத் தொடவே தொடாது. சொட்டு நூல்களைக் கட்டி, ஒரு முறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். உயரம் திருத்த வேண்டியிருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். அடிக்குவில்ட் (குளிர் தாக்காமல் ஹேமாக்குக்கு அடியில் தொங்கவிடும் பஞ்சுப் போர்வை) அதற்குப் பிறகு. மேலே போர்த்தும் குவில்ட்டும் உலர்ந்த உடையும், படுக்கப் போகிறோம் என்னும்வரை உறையைவிட்டு வெளியே வர வேண்டாம்.

கேள்வி: உயரமும் சாய்வும் எவ்வளவு? ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி ஆகிறது.

பட்டை கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருக்கட்டும். கட்டை விரலையும் சுட்டு விரலையும் துப்பாக்கி போல விரித்து, சுட்டு விரலைக் கிடைமட்டமாகப் பிடித்தால், பட்டை கட்டை விரல் நுனியிலிருந்து சுட்டு விரல் நுனிக்குப் போக வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். கண்ணளவே போதும், சாய்வு 25–35 பாகைக்குள் நின்றால் சரி. இழுத்து விறைப்பாகக் கட்டினால் ஆபத்து. 70 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது 30 பாகையில் ஒவ்வொரு பட்டையும் தாங்குவது 70 கிலோ. 15 பாகையில் 135 கிலோ. 10 பாகையில் 200 கிலோவைத் தாண்டும். ஈரமண்ணில் வேர் தளர்ந்த மரத்தை 200 கிலோவால் இழுக்க வேண்டுமா?

3.3 மீட்டர் நீள ஹேமாக்குக்கு இரு நுனிகளுக்கு இடையே 2.75 மீட்டரில் நிலையான உள்கயிறு ஒன்று கட்டிவிட்டால் தொய்வு எங்கே கட்டினாலும் மாறாது. ஹேமாக் நீளத்தில் 83 விழுக்காடு என்பது கணக்கு. மரங்கள் 4.5 மீட்டர் இடைவெளியில் இருந்தால் பட்டையை ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். உட்காரும் இடம் நாற்காலி உயரத்துக்கு வரும். மரங்கள் ஒரு மீட்டர் கூடுதலாக விலகியிருந்தால் பட்டை 30 செ.மீ. ஏற வேண்டும்.

மழைநாளில் இன்னொரு கணக்கு. ஆள் ஏறியதும் பட்டை நீண்டு ஹேமாக் இறங்கும், தார்ப்பாய் இறங்காது. வெறும் ஹேமாக்குக்கு மேலே தாராளமாக இடைவெளி விட்டுக் கட்டிய கூரை, படுத்த பிறகு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். சாரல் அந்த இடைவெளியில் புகும். ஹேமாக் காலியாக இருக்கும்போது உள்கயிறு தார்ப்பாயின் முகட்டை உரசாமல், ஒரு கையகலம் விலகி இருந்தாலே போதும்.

கேள்வி: பைக்கு மழையுறை போட்டிருக்கிறேன். அது போதாதா?

போதாது. உறை உங்கள் முதுகோடு ஒட்டும் பக்கத்தை மூடுவதில்லை. கழுத்து வழியாக இறங்கும் தண்ணீர் முதுகுப்பட்டை வழியே நேராக உள்ளே போகும். உறையின் அடியில் தேங்கும் நீரும் பையின் அடிப்பாகத்தை ஊற வைக்கும். பைக்குள் தடித்த பாலித்தீன் பை ஒன்றை விரித்து, அதற்குள் பொருள்களை அடுக்கி, வாயை முறுக்கி மடக்கிக் கட்டுங்கள். குவில்ட்டுக்கும் இரவு உடைக்கும் அதற்குள்ளும் தனியாக ஒரு டிரை பேக் (நீர் புகாத பை). மழையுறையைச் சேறு படாமலிருக்கவும், இரவில் பையைத் தரையில் வைக்கும்போது அடியில் விரிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாலையில் நன்றாக இழுத்துக் கட்டிய தார்ப்பாய் இரவில் தொளதொளவென்று தொங்கி முகத்தில் இடிக்கிறது. கயிறு நழுவுகிறதா?

முடிச்சைக் குற்றம் சொல்வதற்கு முன் துணியைப் பாருங்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். சிலிக்கான் பூசியிருந்தாலும் இழை நைலான்தானே. மழை தொடங்கிய அரை மணி நேரத்திலேயே தொய்வு தெரியும். வெயில் பட்டுக் காய்ந்ததும் மறுபடி விறைக்கும். பாலியெஸ்டர் இந்த அளவுக்கு நீள்வதில்லை. மழையில் அடிக்கடி தங்குபவர்கள் அடுத்த தார்ப்பாயைப் பாலியெஸ்டரில் வாங்கினால் பாதித் தொல்லை தீரும். மரத்தில் கட்டும் பட்டைக்கும் இதே விதிதான். நைலான் பட்டையில் படுத்தால் இரவில் இருக்கை தரையை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். 2.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டையே மரத்துக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

நைலான் தார்ப்பாயே இருக்கிறது என்றால், ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 3 மி.மீ. எலாஸ்டிக் கயிற்றை ஒரு சாண் அளவுக்கு வளையமாகச் சேருங்கள். கட்டும்போது எலாஸ்டிக் பாதி நீளும்வரை இழுத்து வையுங்கள். துணி தொய்யத் தொய்ய அது சுருங்கி, தொய்வை எடுத்துக்கொள்ளும். முழுவதும் நீட்டிவிட்டால் காற்று அடிக்கும்போது விட்டுக்கொடுக்க அதற்கு இடமிருக்காது. முகட்டுக் கயிற்றில் மட்டும் எலாஸ்டிக் வேண்டாம். அது தொய்ந்தால் கூரை மொத்தமும் தொய்யும். படுக்கப் போகுமுன் முகட்டை ஒரு முறை இழுத்து இறுக்குவதே போதுமானது.

அளவையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். தார்ப்பாயின் முகட்டு நீளம், உள்கயிற்றின் நீளத்தைவிட இரு பக்கமும் 30 செ.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். 2.75 மீட்டர் உள்கயிறென்றால் தார்ப்பாய் 3.35 மீட்டர். 15 செ.மீ. கூடுதலாக இருந்தாலும் தூறலைச் சமாளிக்கலாம். சாய்வாக வரும் மழையைச் சமாளிக்க முடியாது. 3 மீட்டர் சதுரத் துணியை மூலைவாட்டில் கட்டினால் முகடு 4.2 மீட்டர் வரும், நீளம் ஏராளம். ஆனால் தலைக்கும் காலுக்கும் நேராகத் துணி குறுகிப்போவதால் பக்கச் சாரல் அங்கேதான் அடிக்கும். புயல் மழைக்கு அறுகோணமோ செவ்வகமோதான் ஏற்றது.

கேள்வி: நனைந்த முடிச்சு காலையில் அவிழ மாட்டேன் என்கிறது. பக்கிள் வைத்தால் அது நழுவுகிறது. என்னதான் செய்வது?

இரண்டும் வெவ்வேறு நோய்கள். நைலான் கயிறு ஈரத்தில் உப்பி முடிச்சைக் கவ்விக்கொள்ளும். அதற்கு மேல் விரலும் விறைத்திருக்கும். எந்த முடிச்சையும் உருவாஞ்சுருக்காக முடியுங்கள்: கடைசிச் சுற்றில் கயிற்றின் நுனியை நுழைக்காமல், நுனியை மடித்து அந்த மடிப்பை நுழைத்து இறுக்குங்கள். நுனியைப் பிடித்து இழுத்தால் முழுவதும் அவிழும். காற்றில் நுனி சிக்கித் தானாக அவிழ்ந்துவிடும் என்ற பயம் இருந்தால், மடிப்புக்குள் ஒரு குச்சியைச் செருகிவிடுங்கள். கயிறு 2.5–3 மி.மீ. பாலியெஸ்டராக இருக்கட்டும். அதைவிட மெல்லியது பிடிக்கும்போது விரலை அறுக்கும். இருட்டில் சிக்கலைப் பிரிப்பதும் கடினம்.

டைனீமா என்னும் வலுவான செயற்கை இழையாலான வழவழப்பான கயிறு இதற்கு நேர்மாறு. தண்ணீரை உறிஞ்சாது, நீளாது. ஆனால் முடிச்சு நழுவும். கயிற்றின் மேல் நகர்த்தி இறுக்கும் முடிச்சுகளில் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு சுற்று கூடுதலாகப் போடுங்கள். எக்காரணம் கொண்டும் அந்த மெல்லிய கயிற்றை நேராக மரத்தில் சுற்றாதீர்கள், மரத்தின் தோலை அறுத்துவிடும்.

பக்கிள் நழுவுவதற்குக் காரணம் பெரும்பாலும் சேறு, மரப்பாசி, அல்லது வழவழப்பான நெசவு. ஈரம் அதை வெளிக்காட்டுகிறது, அவ்வளவுதான். பட்டையைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பக்கிளை இறுக்கியதும் தொங்கும் வாலால், பக்கிளுக்குச் சற்று முன்னால் பட்டையைச் சுற்றி ஓர் உருவாஞ்சுருக்கு போட்டுவிட்டால் நழுவ வழியில்லை. மிஞ்சிய வால் தொங்கிக்கொண்டு சொட்டு நூலின் வேலையையும் பார்க்கும். பக்கிளில் வந்து சேரும் இடத்தில் பட்டை பிசிறடித்துப்போயிருந்தால் அதை மாற்றுங்கள். முடிச்சு போட்டுச் சமாளிக்கிற இடம் அதுவல்ல.

கேள்வி: மண் கொழகொழவென்று இருக்கிறது. முளை நிற்பதில்லை.

நீளமான முளை வேண்டும், 15 செ.மீ. முளை சேற்றில் ஊசிதான். 20–25 செ.மீ., ‘ஒய்’ வடிவ வெட்டுமுகம் உள்ளதாகப் பாருங்கள். தலை தார்ப்பாயைவிட்டு விலகிச் சாய்ந்திருக்க, முழுவதும் உள்ளே இறக்கி, மேலே ஒரு தட்டைக் கல்லை வையுங்கள். அதுவும் பிடிக்கவில்லையென்றால் முளையைப் படுக்கைவாட்டில் ஒரு முழ ஆழத்தில் புதைத்துக் கயிற்றை மேலே கொண்டுவரலாம், அல்லது பக்கத்து வேரிலோ புதரின் அடித்தண்டிலோ கட்டலாம். கயிறு நீளமாக இருப்பவர்களுக்கே இந்தச் சலுகை: ஒவ்வொரு மூலைக்கும் 2 மீட்டராவது வைத்திருங்கள்.

கேள்வி: மழை உள்ளே வரவில்லை, சொட்டு நூலும் கட்டியிருக்கிறேன். ஆனாலும் காலையில் முதுகுப்பக்கக் குவில்ட் ஈரம். ஏன்?

மூன்று காரணங்கள் இருக்கலாம். ஈரத்தின் அடையாளத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஹேமாக்கின் அடிப்புறம் சேற்றுப் புள்ளிகள் தெரிந்தால், தார்ப்பாய் விளிம்பிலிருந்து விழும் நீர் தரையில் பட்டுத் தெறித்திருக்கிறது. மண்ணும் கல்லுமான வெறுந்தரையில் இது அதிகம். இலைச்சருகு மேல் விழும் சொட்டு அவ்வளவாகத் தெறிக்காது; விளிம்பு நேரே தரையில் கொஞ்சம் சருகை அள்ளிப் போட்டாலே குறையும். விளிம்பை இன்னும் தாழ்த்தி அகட்டிக் கட்டினால் முழுதும் நிற்கும்.

ஈரம் ஓரிடத்தில், குறிப்பாக இரு முனைகளில், திட்டாக இருந்தால் அது ஒழுகல். அடிக்குவில்ட்டைத் தாங்கும் எலாஸ்டிக் கயிறு சொட்டு நூலுக்கு வெளியே, மரப்பக்கமாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அது தனக்கென்று ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருக்கிறது. ஹேமாக் நுனிக்கு உட்பக்கமாக மாற்றி மாட்டுங்கள்.

ஈரம் எங்கும் ஒரே சீராக, மெல்லிய பனி போலப் படிந்திருந்தால் அது உங்கள் உடம்பிலிருந்து வந்த ஆவி. குவில்ட்டின் வெளித்துணி குளிர்ந்திருக்கும்போது உள்ளிருந்து வரும் ஈரம் அங்கே தண்ணீராகிறது. சாரலுக்குப் பயந்து பாலித்தீன் தாளைக் குவில்ட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் இந்தக் கோளாறு உறுதியாக வரும். காற்றுப் புகும் துணியாலான உறையே சரி, அதுவும் சற்றுத் தொய்வாக. தார்ப்பாயின் காற்றெதிர்ப் பக்கத்தைத் தரையோடு தாழ்த்தினாலும், மறுபக்க விளிம்பைத் தரையிலிருந்து 30–40 செ.மீ. தூக்கியே வையுங்கள். ஈரத் துணிகளைக் கூரைக்கு அடியில் தலைக்கு மேலே காயப்போட வேண்டாம். அவை காயாது, ஆனால் அவற்றின் ஈரம் உங்களிடம் வரும்.

வாத்துத் தூவி அடைத்த குவில்ட் நனைந்தால் தூவி கட்டிகட்டியாக ஒட்டி, உப்பல் போய், வெப்பம் தராது. நீர் ஒட்டாதபடி பதப்படுத்திய தூவியும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவே. தொடர்மழையில் பல நாள் என்றால் செயற்கை இழைக் குவில்ட் கனமாக இருந்தாலும் நம்பகமானது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை அதைவிட எளியது: மூடிய துளைகளுள்ள ஃபோம் பாய். தண்ணீரையே குடிக்காது, துடைத்தால் உலர்ந்துவிடும். 50 செ.மீ. அகலப் பாயில் தோள்கள் வெளியே நிற்கும் என்பது மட்டுமே குறை. தோள் வரும் இடத்தில் இரு பக்கமும் ஒரு துண்டு ஃபோமைச் செருகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இடி மின்னல் வந்தால் ஹேமாக்கிலேயே படுத்திருக்கலாமா? தரையைத் தொடவில்லையே?

கூடாது. தரையைத் தொடாவிட்டாலும் இரண்டு மரங்களோடு கட்டுண்டுதானே இருக்கிறீர்கள்! மரத்தில் இறங்கும் மின்னல் பக்கவாட்டில் பக்கத்தில் இருப்பவர் மேல் பாயக்கூடியது; நனைந்த பட்டை அதற்கு உதவும். கட்டடமோ, மேல்மூடியுள்ள உலோகக் காரோ எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே போய்விடுங்கள். கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருந்து திரும்புங்கள். இரண்டும் இல்லாத காட்டில், குன்றின் உச்சி, தனிமரம், கூட்டத்தில் ஓங்கிய மரம் ஆகியவற்றை முதலிலேயே தவிர்த்து, ஏறக்குறைய ஒரே உயர மரங்களுக்கு நடுவே தாழ்ந்த இடமாகத் தேர்ந்தெடுப்பது ஆபத்தைக் குறைக்கும், நீக்கிவிடாது. இடிமழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் போகாமலிருப்பதே சரி.

மின்னலைப் போலவே ஆபத்தானவை காய்ந்த கிளைகள். இலையில்லாத கிளை, பட்டை உரிந்த மரம், அடியில் காளான் பூத்த தண்டு எதுவானாலும் அடுத்த மரத்துக்கு நகருங்கள். நீர் குடித்த பட்டமரக் கிளை காற்றே இல்லாமலும் முறியும். பல நாள் மழைக்குப் பிறகு அடிமரத்தைச் சுற்றி மண் வெடித்தோ ஒரு பக்கம் மேடாகியோ இருந்தால் வேர் பிடி தளர்ந்திருக்கிறது. ஓடைக்கரையும் வேண்டாம், மேலே எங்கோ பெய்த மழை இங்கே இரவில் வரும். ஹேமாக் உயரத்தில்தானே இருக்கிறது என்பார்கள். முளையும் பையும் செருப்பும் கீழேதானே இருக்கின்றன?

கேள்வி: காலையிலும் மழை விடவில்லை. எல்லாவற்றையும் நனையாமல் கட்டுவது எப்படி?

எல்லாமே நனையாமல் இருக்காது. எது நனையலாம் என்று நீங்கள் தீர்மானிக்கலாம். ஹேமாக்கிலேயே உட்கார்ந்துகொண்டு மேல் குவில்ட்டை டிரை பேக்கில் திணியுங்கள். இரவு உடையை மாற்றி அதே பைக்குள் வைத்து, வாயை மூன்று நான்கு முறை சுருட்டி மூடுங்கள். நேற்றைய ஈர உடையைப் போட்டுக்கொள்வது கொடுமைதான். ஆனால் உலர்ந்ததைப் போட்டு நனைத்துவிட்டால் இன்றிரவுக்கு எதுவும் இருக்காது.

இறங்கியதும் அடிக்குவில்ட். பிறகு ஹேமாக்: ஒரு நுனி பட்டையில் மாட்டியபடியே இருக்கட்டும், மறு நுனியைக் கழற்றி அங்கிருந்து இருவாய்ப் பைக்குள் திணித்துக்கொண்டே வாருங்கள். அதன் முனைப்பகுதி ஈரமாயிருந்தால் ஹேமாக்கைக் குவில்ட்டோடு சேர்க்காமல் தனிப் பையில் போடுங்கள். பாலித்தீன் பையை முறுக்கிக் கட்டி, முதுகுப்பையை மூடி, மழையுறை போட்ட பிறகுதான் கூரையைத் தொட வேண்டும்.

தார்ப்பாய் இன்னும் கட்டியிருக்கும்போதே முகட்டுக் கயிற்றைத் தம்புரா நரம்பு போல நாலைந்து முறை மீட்டி விடுங்கள். மேலே தங்கிய தண்ணீரில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். மழை சற்று விட்டால் உறிஞ்சும் துணியால் உட்புறத்தைத் துடைத்துப் பிழியலாம். முளைகளைப் பிடுங்கியதும், நீள வலையுறை வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. பாம்புச் சட்டை போன்ற அந்தக் குழாயை ஒரு முனையிலிருந்து தார்ப்பாய் மேல் உருவிக்கொண்டே போனால், துணி தரையில் படாமல் கயிறு போலச் சுருண்டுவிடும். வலை வழியாகத் தண்ணீரும் வடியும். பிறகே முகட்டுக் கயிற்றை அவிழ்த்து, பட்டைகளோடு சேர்த்து வெளிப்பாக்கெட்டில் வையுங்கள். நனைந்த தார்ப்பாயைப் பையின் உள்ளே வைப்பது, இதுவரை செய்த அத்தனையையும் வீணாக்கும்.

கேள்வி: போன மழைக்குப் பிறகு சுருட்டி வைத்த தார்ப்பாயை இப்போது திறந்தால் ஒட்டுகிறது, நாறுகிறது. சரிசெய்ய முடியுமா?

நாற்றம் மட்டும் என்றால் பூஞ்சை. வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு கரைத்து, கையால் கசக்காமல் அலசி, நிழலில் கொடியில் போடுங்கள். கறை நிற்கலாம், துணிக்குப் பெரும் கேடில்லை. பிளீச்சும் இயந்திரத்தில் பிழிவதும் வேண்டாம்.

உட்புறம் பிசுபிசுத்து, தொட்டால் மாவு போல உதிர்ந்தால் அது பாலியூரித்தேன் பூச்சு. ஈரத்தோடும் வெப்பத்தோடும் நீண்ட காலம் அடைபட்டுக் கிடந்தால் அந்தப் பூச்சு சிதைந்துவிடும், மீட்க வழியில்லை. அந்தத் துணியை இனி தரைவிரிப்பாக வைத்துக்கொள்ளலாம். சிலிக்கான் பூச்சுக்கு இந்தச் சிதைவு வராது, ஆனால் அதன் தையலில் ஒழுகினால் சிலிக்கான் பசையால்தான் அடைக்க வேண்டும். மற்ற பசையும் டேப்பும் அதில் ஒட்டாது. பசையைக் கொஞ்சம் மினரல் டர்பெண்டைனில் நீர்க்கவைத்துத் தூரிகையால் முகட்டுத் தையல் நெடுகத் தடவி, ஒரு நாள் விரித்தபடி விடுங்கள். ஒட்டாமலிருக்க மேலே துளி டால்கம் பவுடர்.

அடுத்த முறை வீட்டுக்கு வந்த அன்றே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், தார்ப்பாயைப் பிரித்துக் கதவின் மேலாவது போட்டுவிடுங்கள். வெயிலில் மணிக்கணக்காக வேண்டாம், நைலான் வெயிலில் வலுவிழக்கும். மரத்தில் கட்டிய பட்டைகளையும் சொட்டு நூல்களையும் சேர்த்துக் காயப்போடுங்கள். துணி காய்ந்த பிறகும் பருத்தி நூல்கள்தான் கடைசிவரை ஈரமாக இருக்கும்.